தொண்டைமானாற்றின் மீது வரையப்பட்ட கோடுகள்

செல்வச்சந்நிதி முருகனின் ஆவணித் திருவிழாக் காலத்தில் தொண்டைமானாற்றுப் பாலத்தில் நின்று கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்கிழக்காக நீண்டு செல்லும் உவர்நீர்ப் பரப்பு, காலடியில் தடுப்பணையின் கதவுகள். பக்கத்தில் நின்றவர் ஒரு முதியவர். அரச உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரின் காணிகளையும் அவற்றின் வழக்குகளையும் விரல் நுனியில் வைத்திருப்பவர். அரை நூற்றாண்டாகப் பத்திரிகைத் தொழில் செய்தவன் என்று அறிந்ததும் அவர் என்னிடம் சொன்ன ஒரு வசனம் இன்னும் மனதைவிட்டு அகலவில்லை.

"தம்பி, எங்கட ஊருக்கு எல்லாரும் வந்து கோடு போட்டிட்டினம். நாங்கள் மட்டுந்தான் இன்னும் ஒண்டும் போடேல்லை."

காணிப் பயன்பாட்டுத் திட்டம், வலயப்படுத்தல் என்ற சொற்கள் நம்மவர் பலருக்கு அலுவலகங்களின் தூசி படிந்த சொற்களாகவே தோன்றும். எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எங்கே கடை வைக்கலாம், எங்கே எதுவும் கட்டலாகாது என்று முன்கூட்டியே வரைபடத்தில் எழுதி வைப்பதே அதன் பொருள். உலகில் எத்தனையோ சிற்றூர்கள் தமக்கென இத்தகைய முதல் வரைபடத்தை ஏற்றுக்கொண்ட நாளைத் தம் வரலாற்றில் குறித்து வைத்திருக்கின்றன. தொண்டைமானாற்றின் கதை வேறு. இங்கே வரைபடங்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. வரைந்தவர்கள்தாம் வேற்றிடத்தவர்கள். அந்தக் கோடுகளின் வரலாற்றையே இக்கட்டுரையில் சொல்ல முற்படுகிறேன்.

முதற்கோடு

ஊரின் பெயரே ஒரு கோட்டின் பெயர்தான். முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனும், செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில் பாடப்பட்டவனுமாகிய கருணாகரத் தொண்டைமான், கரணவாய், வெள்ளப்பரவை முதலிய இடங்களில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்வதற்காக இந்தக் கடல்வாயை வெட்டி ஆழப்படுத்தினான் என்பது யாழ்ப்பாண வைபவமாலை தரும் செய்தி. வைபவமாலையின் செய்திகள் அனைத்தையும் வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. எனினும் ஊர் மக்களின் நினைவில் இந்தக் கதை வேரூன்றி நிற்பது கவனிக்கத்தக்கது. ஆறே இல்லாத குடாநாட்டில் ஓர் ஊருக்கு ஆறு என்ற பெயர். அந்த ஆறும் வெளியிலிருந்து வந்த ஒருவன் தன் தேவைக்காக வெட்டியது என்ற நம்பிக்கை. பின்னால் வந்தவை எல்லாவற்றுக்கும் இது முன்னுரை போலவே அமைந்துவிட்டது.

உண்மையில் இது ஆறன்று; வடமராட்சிக் கடல்நீரேரி கடலைச் சந்திக்கும் வாய். ஒரு கரையில் வடமராட்சி, மறுகரையில் வலிகாமம். மாரியில் மழைநீர் நிரம்பிக் கடலுக்கு ஓடும். கோடையில் கடல்நீர் உள்ளே ஏறி உப்பாக உறையும். இந்த ஏற்ற இறக்கத்தை ஒட்டியே ஊரின் தொழில்களும் நிலங்களும் வகுபட்டன.

எழுதப்படாத வரைபடம்

திட்டம் என்ற சொல்லை ஊர் அறியாதிருந்த காலத்திலும் நிலம் தாறுமாறாகக் கிடக்கவில்லை. தோணிகள் கரையேறும் மணலில் எவரும் வேலி அடைப்பதில்லை. வலை காயவிடும் வெளி பொதுவானது. பனங்காணி, தோட்டக்காணி, வயற்காணி, குடியிருப்பு வளவு என ஒவ்வொன்றுக்கும் பெயரும் இடமும் உண்டு. மழைநீர் வழிந்தோடும் ஒழுங்கையை மறித்துச் சுவர் எழுப்பினால் அயலவர் கேட்பார்கள். எல்லைக் கதியாலை ஒரு சாண் நகர்த்தினால் வழக்கு மூன்று தலைமுறைக்கு நடக்கும்.

இந்த வழமைகளில் ஒரு பகுதி எழுத்திலும் ஏறியது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக் என்ற திசாவை தொகுத்த தேசவழமை, பன்னிரண்டு முதலியார்களால் பார்வையிடப்பட்டு 1707 ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். காணியை விற்க விரும்புபவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், குறித்த சில நிலைகளில் அயற்காணிக்காரருக்கும் அறிவித்து, வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை அவர்களுக்குத் தரவேண்டும் என்பது அதன் முக்கியமான விதிகளுள் ஒன்று. முன்வாங்கும் உரிமை எனப்படும் இதன் வீச்சு 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வெகுவாகக் குறைக்கப்பட்டது. நகரத் திட்டமிடல் நூல்கள் இதனைத் திட்டமிடல் என்று அழைப்பதில்லை. ஆனால் நிலம் தனிமனிதனின் சொத்து மட்டுமன்று, அதில் அயலுக்கும் ஒரு சொல் உண்டு என்ற எண்ணம் இதனுள் இருந்ததை மறுக்க முடியாது.

செல்வச்சந்நிதிச் சூழலும் அத்தகையதே. மருதர் கதிர்காமரின் வழிவந்த கப்பூகர்கள் வாய்கட்டி மௌனமாகப் பூசை செய்யும் கோயில் இது. அன்னதானக் கந்தன் என்ற பெயருக்கேற்ப, சுற்றிலும் மடங்கள். வருடத்தின் பெரும்பகுதி அமைதியாகக் கிடக்கும் வெளி, திருவிழா நாட்களில் உணவுச்சாலையும் சந்தையும் தங்குமிடமுமாக மாறும். தீர்த்தத்துக்கு ஆற்றங்கரை வேண்டும். ஒரே நிலத்துக்குக் காலத்துக்கேற்ப வெவ்வேறு பயன்பாடு! இதை எந்த வர்ணம் பூசி வரைபடத்தில் காட்டுவது என்று எந்த நிபுணரும் ஊரவரைக் கேட்டதில்லை.

ஆயினும் அந்தப் பழைய ஒழுங்கைப் பொற்காலம் என்று போற்ற நான் தயாராக இல்லை. குடாநாட்டின் எழுதப்படாத வரைபடத்தில் மிக அழுத்தமாக வரையப்பட்டிருந்த கோடு சாதிக்கோடு. யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் எந்த ஒழுங்கையால் போகலாம், யாருடைய குடிசைகளுக்கு அருகில் சுடலை இருக்கலாம் என்பனவெல்லாம் அதில் தீர்மானமாகியிருந்தன. 2017 ஆம் ஆண்டில் புத்தூர் கலைமதி கிராமத்து மக்கள் தம் குடியிருப்புகளுக்கிடையே அமைந்த மயானத்தை அகற்றக் கோரி மாதக்கணக்கில் போராடியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது பழைய வரைபடத்துக்கு எதிரான போராட்டம். ஊரே வரைந்த கோடு என்பதனால் மட்டும் ஒரு கோடு நீதியானது ஆகிவிடாது.

கொழும்பிலிருந்து வந்த சட்டங்கள்

1871 ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டம் கிராமங்களுக்குத் தம் பொதுக்காரியங்கள் குறித்து விதிகள் ஆக்கும் ஓர் எல்லைக்குட்பட்ட அதிகாரத்தை வழங்கியது. பின்னாளில் கிராமச் சங்கங்கள் வளர்ந்ததும் இந்த வேரிலிருந்துதான். ஆனால் கட்டடங்களையும் தெருக்களையும் ஒழுங்குபடுத்த வந்த 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பெயரிலேயே உள்ளபடி, நகரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கொள்ளைநோய்க்கு அஞ்சிய கொழும்பின் சட்டம் அது.

1921 இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு ஒரு திட்டம் தந்தார். 1946 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் வந்தது. 1948 இல் பற்றிக் அபர்குறொம்பி கொழும்புப் பிரதேசத்துக்குத் திட்டம் வரைந்தார். அநுராதபுரத்தில் புதிய நகரமே எழுந்தது. சட்டத்தின் பெயரில் 'நாடு' இருந்தது; நடைமுறையில் தொண்டைமானாறு போன்ற ஊர்களைத் தேடி எவரும் வரவில்லை. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகாரசபையை உருவாக்கியது. அதன் 1986 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் குறைந்தபட்சக் காணித்துண்டு 150 சதுர மீற்றர், அதாவது சுமார் 6 பேர்ச் என்றன. நம் கணக்கில் ஒரு பரப்பு 10 பேர்ச். ஒரு பரப்புக்கும் குறைந்த நிலத்தில், சுண்ணக்கல்லின் மேல், கிணறும் மலகூடக் குழியும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் அமையும் என்று எண்ணிப் பாருங்கள். குழாய்நீர் வரும் கொழும்புக்கும், தன் காலடி நீரையே குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா? 2021 இல் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

தடுப்பணை என்னும் வலயம்

ஊரின் நிலத்தை உண்மையில் மாற்றியது சட்டப்புத்தகம் அன்று. பாலத்தின் கீழ் நிற்கும் தடுப்பணை. கடல்நீரேரிகளை நன்னீராக்கும் யோசனை ஆங்கிலேயர் காலத்திலிருந்தே பேசப்பட்டு வந்தது. 1940களின் இறுதியில் தொடங்கிய தொண்டைமானாற்றுத் தடுப்பணை வேலை 1950களின் தொடக்கத்தில் முடிவுற்றது. நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தில் இது ஒரு கண்ணி. கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவு ஏரியில் தேக்கி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சி ஏரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடலைத் தடுத்தால் குடாநாட்டின் நடுவில் நன்னீர் நிற்கும், ஆண்டாண்டாக உப்புக் கழுவப்பட்டு உவர்நிலம் வயலாகும், கிணறுகள் இனிக்கும். இதுவே கணக்கு.

கணக்கு அழகானது. ஆனால் முள்ளியான் கால்வாய் முழுமையாகவில்லை. ஆனையிறவின் கிழக்கு அணை உடைந்தது. தொண்டைமானாற்றின் மரக்கதவுகள் உக்கின. கடல் மீண்டும் உள்ளே வந்தது. போர் முடிவதற்கு முன்னும் பின்னும் திருத்த வேலைகள் நடந்தன.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். தடுப்பணைக் கதவை மூடுவது ஒரு காணிப் பயன்பாட்டுத் தீர்மானம். மூடினால் விவசாயிக்கு நன்மை. உவர்நீரில் இறாலும் மீனும் பிடிப்பவனுக்குப் பாதிப்பு. திறந்தால் மறுதலை. மாரியில் உரிய நேரத்தில் திறக்காவிட்டால் தாழ்நில வயல்கள் மூழ்கும். காலம் பிந்தித் திறந்தால் சேர்த்த நன்னீர் வீணாகும். எந்தத் திகதியில் கதவைத் திறப்பது என்பதே எந்த நிலம் யாருக்கு என்ற தீர்மானமாகிவிடுகிறது. ஒரு வரைபடமும் வரையாமல், ஒரு வாக்கெடுப்பும் நடத்தாமல், பலகைகளாலும் இரும்பாலும் வலயப்படுத்தல் நடந்து முடிந்திருக்கிறது. விவசாயியும் கடற்றொழிலாளியும் ஒரே மேசையில் அமர்ந்து திகதி குறிக்கும் ஏற்பாடு ஒன்று நிலைபெற்றிருந்தால் அதுவே ஊரின் முதல் திட்டமாக இருந்திருக்கும்.

நன்னீருக்கான தேடல் பின்னர் வேறு திசை சென்றது. 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி அங்கீகரித்த திட்டம் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர எண்ணியது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். முடிவில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்து 2024 ஓகஸ்ட் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. கடலைத் தடுக்க முயன்ற தலைமுறை போய், கடலையே குடிக்கும் தலைமுறை வந்திருக்கிறது.

கரையின் கோடு, காவலின் கோடு

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் நிலப்பக்கமாகவும், தாழ்நீர்க் கோட்டிலிருந்து 2 கிலோமீற்றர் கடற்பக்கமாகவும் கரையோர வலயத்தை வகுத்தது. ஆறும் கடல்நீரேரியும் கடலோடு சேரும் இடங்களில் நிலப்பக்க எல்லை 2 கிலோமீற்றர் வரை உட்செல்லும். தொண்டைமானாறு போன்ற கடல்வாய் ஊரில் இதன் பொருள், ஊரின் பெரும்பகுதி ஒரே கையெழுத்தில் ஒரு வலயத்துக்குள் வந்துவிட்டது என்பதே. மணலரிப்பைத் தடுக்கும் நல்ல நோக்கமுடைய சட்டம்தான். ஆனால் அந்த எல்லை எந்த வேலியருகே செல்கிறது என்பதை அதற்குள் வாழ்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது இன்னொரு கோடு விழுந்தது. பலாலி விமானத் தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றி வலிகாமம் வடக்கிலும் கிழக்கின் ஒரு பகுதியிலும் மக்கள் வெளியேறினர். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயர் தமிழுக்குப் புதிய சொல்லாக வந்து சேர்ந்தது. அதுவரை வலயம் என்றால் நமக்குப் பள்ளிக்கூடப் புவியியல் நூலின் வெப்ப வலயமும் குளிர் வலயமுமே. தொண்டைமானாற்றின் அயலூரான வளலாய் வரை அந்த வலயம் நீண்டது. கரையோர வீதியில் மேற்கே போக முடியாமற் போயிற்று.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலுமாக 6,381 ஏக்கர் தனியார் நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் வெளியாயின. ஏறக்குறைய 23 ஆண்டுகள் அகதிகளாக இருந்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2015 மார்ச்சில் வளலாயில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் மீண்டது. எனினும் விடுவிக்கப்படாத நிலங்கள் பற்றிய கோரிக்கை ஓயவில்லை. விடுவிக்கப்பட்ட இடத்தில் ஒரு முறை நடந்து பார்த்தேன். எல்லைக் கதியால் இல்லை, கிணற்றுக் கட்டு இல்லை, ஒழுங்கை எது வளவு எது என்று தெரியவில்லை. உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றைக்குள் நின்ற ஒருவர், பக்கத்து வளவின் புளியமரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த மரத்தை வைத்தே தன் எல்லையை அவர் நினைவில் வைத்திருந்தார். மரமும் இல்லை. எழுதப்படாத வரைபடம் எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

இடையே 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடற்கோள் வந்தது. வடமராட்சிக் கிழக்குக் கரை பேரழிவைக் கண்டது. அதன் பின் அரசு அறிவித்த கட்டுமானத் தடை வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர்; வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடலை விட்டு விலகிக் குடியேற முடியாத கடற்றொழிலாளர் குடும்பங்களின் எதிர்ப்புக்குப் பின்னர் அந்த எல்லைகள் தளர்த்தப்பட்டன. அலையின் உயரமும் நிலத்தின் மேடுபள்ளமும் இடத்துக்கிடம் வேறுபடும் என்பதை, தலைநகரில் இருந்து வரையப்பட்ட நேர்கோடு அறியவில்லை.

மிக அண்மைய கோடு 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் குறிக்கப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணிகளாகக் கொள்ளப்படும் என்று அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டமே அதில் பெரும்பங்கு. குறிப்பாக வடமராட்சி கிழக்கு. போரிலும் கடற்கோளிலும் உறுதிகளை இழந்தவர்கள், புலம்பெயர்ந்து உலகெங்கும் சிதறியவர்கள் மூன்று மாதங்களில் எதைக் காட்டுவது? உயர் நீதிமன்றம் 2025 யூனில் இடைக்காலத் தடை விதித்தது. அறிவித்தல் மீளப் பெறப்பட்டது. இம்முறை கோடு அழிந்தது. ஆனால் கோடு போடும் கை ஓய்ந்துவிடவில்லை.

யூக்ளிட் என்னும் சிற்றூர்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகருக்கு அருகில் யூக்ளிட் என்ற சிற்றூர் இருந்தது. தொழிற்சாலைகள் தன்னை விழுங்கிவிடும் என்று அஞ்சிய அதன் ஊர்ச்சபை 1922 இல் நிலத்தை வகைவகையாகப் பிரித்து ஒரு வலயச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. 68 ஏக்கர் வைத்திருந்த ஒரு நிலக் கம்பனி, தன் சொத்தின் பெறுமதி போயிற்று என்று வழக்காடியது. 1926 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஊர்ச்சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. இன்று அந்த முறைக்கே யூக்ளிட்டின் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு சிற்றூர் தன் நிலத்தின் எதிர்காலத்தைத் தானே எழுதலாம் என்ற கொள்கை அங்கு வென்றது.

அதே கருவி தீயதற்கும் பயன்பட்டது. அமெரிக்க நகரங்கள் சில, கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் வாழலாம் என்று வலயச் சட்டம் எழுதின. 1917 இல் நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. தென்னாபிரிக்கா 1950 இல் இனவாரிப் பிரதேசச் சட்டம் இயற்றி, 1966 இல் கேப்டவுனின் ஆறாம் வட்டாரத்தை வெள்ளையர் பகுதியாக அறிவித்து ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றியது. கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தறுக்கவும் உதவும். ஆகவேதான் யார் கையில் இருக்கிறது என்பதோடு, எவர் பார்வையில் பயன்படுகிறது என்பதும் முக்கியமாகிறது.

புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கு இது புதிதன்று. ஜேர்மனியின் ஹம் நகரில் நம்மவர்கள் 1989 இல் சிறிய அளவில் தொடங்கிய காமாட்சி அம்பாள் வழிபாடு வளர்ந்து, 1990களில் தேர்வீதி ஊர்வலங்களுக்குப் பெருங்கூட்டம் சேர்ந்தபோது அயலவர் முறையிட்டனர். பேச்சுவார்த்தைகளின் முடிவில் நகரின் கைத்தொழில் வலயமான உவென்ற்றோப்பில் கோபுரத்தோடு ஆலயம் எழுந்தது. 2002 யூலையில் குடமுழுக்கு நடந்தது. தீர்த்தம் அருகிலுள்ள கால்வாயில். இந்த ஆற்றங்கரையில் தீர்த்தமாடிய கைகள், ஜேர்மனியின் கைத்தொழில் வலயத்துக்குள் தமக்கான தீர்த்தக்கரையைச் சட்டப்படி பெற்றுக்கொண்டன. விண்ணப்பம் எழுதினார்கள், கூட்டங்களில் பேசினார்கள், வரைபடம் கொடுத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

காரணங்கள் இல்லாமல் இல்லை. வடக்கின் உள்ளூராட்சி மன்றங்கள் போர்க்காலத்தில் நீண்ட காலம் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இன்றிக் கிடந்தன. 1987 இன் 13 ஆம் திருத்தம் கூறும் தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவே இல்லை. 2013 இல் முதன்முறையாகத் தெரிவான வடக்கு மாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதிகாரம் இல்லாத இடத்தில் திட்டம் எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். நான் மறுதலையாகக் கேட்கிறேன். எழுதிய திட்டம் ஒன்று கையில் இருந்திருந்தால், ஒவ்வொரு முறையும் வர்த்தமானி வந்த பின்னர் நீதிமன்றப் படியேறி, 'இது எங்கள் நிலம்' என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டிய நிலை வந்திருக்குமா?

ஊர் வரைய வேண்டிய கோடுகள்

பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. எந்தெந்தக் கிணறு நன்னீர், எது உவர் என்பதை ஒவ்வொரு வீட்டுக்காரரும் அறிவார். அவற்றை ஒரு தாளில் குறித்தாலே, புதிய மலகூடக் குழி எங்கே கூடாது என்ற விதி தானே பிறக்கும். மாரி வெள்ளம் ஓடும் பாதைகளைக் குறித்தால் எங்கே மதில் கூடாது என்பது தெரியும். தோணி இறங்கும் கரை, வலை காயும் வெளி, மடங்களின் சூழல், தீர்த்தக்கரை ஆகியவை எவருக்கும் விற்கப்படலாகாத பொது இடங்கள் என எழுதி வைக்கலாம். கண்டல் நிற்கும் ஏரிக்கரையை அப்படியே விடலாம். தடுப்பணைக் கதவின் காலக்கணக்கை இரு தொழிலாரும் கூடித் தீர்மானிக்கலாம். மயானம் யாருடைய வாசலுக்கு அருகில் இருக்கிறது என்பதை முதன்முறையாக வெட்கத்தோடு பார்க்கலாம். அந்தக் கூட்டத்தில் காணியில்லாதவருக்கும் ஒரு நாற்காலி இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் பழைய கோடுகளே புதிய மையில் மறுபடி எழுதப்படும்.

இன்னுமொன்று, இது கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கு. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளிலும், எட்டுப் பேருக்குப் பங்குள்ள பிரிக்கப்படாத வளவுகளிலும் ஒரு பகுதி உங்களுடையது. ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் சிட்னியில். ஒருவரின் கையெழுத்து இல்லாமல் மற்றவரால் வேலியும் அடைக்க முடியாது. நீங்கள் வாழும் நகரில் நிலவறையை வாடகைக்கு விடவும் நகரசபையின் அனுமதி கேட்கிறீர்கள். பிறந்த ஊரின் பற்றை வளவு பற்றி ஒரு கடிதமேனும் எழுதியிருக்கிறீர்களா? உறுதியின் பிரதியைத் தேடி எடுத்துப் பங்காளரோடு பேசி ஒரு முடிவுக்கு வருவது, நன்கொடை அனுப்புவதைவிட ஊருக்கு அதிகம் உதவக்கூடும்.

பாலத்தில் அன்று மாலை வெளிச்சம் மங்கும்வரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். விடைபெறும்போது அந்த முதியவர் தம் சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்த ஒரு தாளை எடுத்து விரித்தார். பாடசாலைக் கொப்பியின் நடுத்தாள். அதில் ஒழுங்கைகளும் கிணறுகளும் மரங்களும் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தன. நன்னீர்க் கிணறுகளுக்கு வட்டம், உவர்க் கிணறுகளுக்குப் பெருக்கல் அடையாளம். தன் நினைவிலிருந்தும், கேட்டறிந்தவற்றிலிருந்தும் வரைந்ததாகச் சொன்னார்.

"பேரப்பிள்ளை அளவு பிழை எண்டு சிரிக்கிறான். அளவு அவன் பார்க்கட்டும். எங்கை என்ன இருந்தது எண்டு நான் சொன்னால்தானே அவனுக்குத் தெரியும்."

அந்தத் தாளுக்குச் சட்ட வலு எதுவும் இல்லை. அதை ஏற்க எந்தச் சபையும் கூடவில்லை. ஆனால் தொண்டைமானாற்றின் மீது இத்தனை நூற்றாண்டுகளாக வரையப்பட்ட கோடுகளுள், நான் அறிந்தவரை, ஊரவர் ஒருவரின் கையால் ஊருக்காக வரையப்பட்டதாக நான் கண்ட முதல் கோடு அதுதான். அதன் பிரதி ஒன்றைக் கேட்டேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார், மேற்குக் கரைப் பகுதியைக் கேட்டு முடித்த பின்னர்.